முகர்ந்து பார்க்கும் மனிதர்

தேநீர் டம்ளரை வாய் வரைக்கும் கொண்டுபோய், வாயில் வைக்காமல் மூக்குக்கு ஏற்றி, கண்களை மூடி இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறார் சுந்தர்ராஜ். அதன் பிறகுதான் முதல் மடக்கு. சித்தூரில் பாகாலா ரோட்டில் டீக்கடை வைத்திருக்கும் ரங்கையாவுக்குத் தினமும் இது முதல் அவமானம்.

"ஏமய்யா சுந்தரு, தெனம் தெனம் மோந்து பாக்கிறியே, நா இன்னா டீயில எலி மருந்தா கலக்கிக்கினு கீறேன்?"

"அதில்ல மாமா, ஏலக்கா போட்டியான்னு பாத்தேன்."

"எங்க நைனா காலத்துலேர்ந்து இந்தக் கடையில ஏலக்கா போட்டதில்ல. இன்னிக்கி உனுக்கோசரம் போடுவேனா?"

சுந்தர்ராஜ் சிரிப்பார். சிரிக்கும்போதும் ஒரு கண் டம்ளரின் மீதே இருக்கும்.

டீ மட்டும் இல்லை. இட்லி மாவு ஒருநாள் கூடப் புளித்திருந்தால் அன்றைக்குப் பட்டினி. பழைய சோற்றைக் கண்டால் பின்வாசல் வழியாக வெளியே போய்விடுவார். கனிந்து கறுத்த வாழைப்பழம், ஊறுகாய், ஹோமியோபதிச் சொட்டு மருந்து, எல்லாம் சந்தேகத்துக்கு உரியவை. சவரம் செய்த கன்னத்தில் நாவிதர் வாசனைத் தண்ணீர் தடவ வந்தபோது, பாதி முகத்தில் நுரையோடு ரோட்டுக்கு வந்து நின்ற மனிதர் இவர். வங்கி வாசலில் காவலாளி கைக்குச் சானிடைசர் நீட்டினால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். தன் வீடு இருக்கும் கிரீம்ஸ்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு தடாவில் எந்தக் கடையில் எந்தப் பாட்டில் மூடி திறக்கிறது என்று சொல்லிவிடும் மூக்கு அது என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். தடா நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

மூக்கைத் தவிர மற்றபடி ஆள் சாதாரணம். நாற்பத்தேழு வயது. இடது முன்கையில் நீராவி பட்டு வெந்த தழும்பு, ஆந்திரா வரைபடம் போல, ஆனால் பழைய வரைபடம், தெலங்கானாவும் சேர்ந்தது. மாம்பழக் கூழ் போடும் ஃபேக்டரி ஒன்றில் பாய்லர் ஆப்பரேட்டர். மே மாதக் கடைசியில் தோத்தாபுரி லாரிகள் வரிசை கட்ட ஆரம்பித்தால் ஆகஸ்ட் வரைக்கும் அங்கே இரவு பகல் கிடையாது. பழத்தை வேகவைக்கவும் டப்பாவைச் சுத்தம் செய்யவும் நீராவி வேண்டும். நீராவி வேண்டுமானால் சுந்தர்ராஜ் வேண்டும். பாய்லரின் பக்கவாட்டில் விரல் கனத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் நிற்கும். உள்ளே இருக்கும் தண்ணீரின் மட்டம் அதில் தெரியும். எட்டு மணிநேரம் அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வேலை. தண்ணீர் குறைந்தால் பம்ப்பைத் தட்டவேண்டும். பார்க்கத் தவறினால் என்ன ஆகும் என்று அவரிடம் கேட்டால், "ஒண்ணியும் ஆவாதுங்க. நம்மள பொறுக்கறதுக்குத்தான் ரெண்டு மண்டலம், இருவது ஊரு சுத்தணும்" என்பார்.

இந்த வேலையைக் குடித்துக்கொண்டே பதினாறு வருஷம் செய்தார். குடியை விட்ட பிறகுதான் கை நடுங்குகிறது.

தூக்கம் வருவதில்லை. பகல் ஷிஃப்டு வாரங்களில் பத்து மணிக்குப் படுப்பார். பதினொன்றுக்கு மின்விசிறி பேச ஆரம்பிக்கும். மூன்று இறக்கையில் ஒன்று கொஞ்சம் வளைந்தது. சுற்றுக்கு ஒரு தரம் 'டக்' என்னும். அந்த டக்குக்காகக் காத்திருந்து, அது வந்ததும் அடுத்ததற்குக் காத்திருந்து, ஒரு மணியாகும். அதற்குப் பிறகு மார்புக்குள்ளே யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்கள். யார் என்று தெரியாது. எழுந்து தண்ணீர் குடித்தால் அவர்களும் கூடவே எழுந்து வருவார்கள். முதல் மாதம் சுவரில் எறும்பு ஊர்ந்தது; விளக்கைப் போட்டால் எறும்பு இல்லை, அணைத்தால் உண்டு. இப்போது எறும்புகள் போய்விட்டன. பயம் மட்டும் வாடகை வீட்டைக் காலி செய்யாத ஆள் மாதிரி தங்கிவிட்டது.

சும்மா படுத்துக்கிடக்கச் சம்மதிக்காத மனிதர், எழுந்து வேலை பார்ப்பார். துவைத்த துணியை மறுபடி துவைப்பார். மகள் பிளெஸ்ஸியின் இன்டர்மீடியட் புத்தகங்களுக்கு அட்டை போடுவார். போட்ட அட்டையைப் பிரித்து இன்னும் நேராகப் போடுவார். இரண்டரை மணிக்குக் காட்பாடிப் பக்கமிருந்து வரும் சரக்கு ரயிலின் பெட்டிகளைச் சத்தத்தை வைத்தே எண்ணுவார். அதற்கும் பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் நடை. அவர் பின்னால் நாலு நாய்கள். இந்த மூன்று மாதத்தில் அந்தத் தெருவில் ஒரு செம்புகூடத் திருட்டுப் போகவில்லை. திருடர்களுக்கும் தூங்குகிறவர்கள் வேண்டுமல்லவா? பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து, வாரத்தில் இரண்டு நாள் எங்கள் பக்கமும் தூங்காமல் இருக்க முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்களாம்.

"எத்தன நாளாச்சு சுந்தரு, உட்டு?" என்று யாராவது கேட்டால் மட்டும் அவர் முகம் சுருங்கிவிடும். "தெரிலங்க" என்பார். தெரியும். சொல்லமாட்டார். இரண்டு தரம் சொல்லிக் கெட்டவர்.

முதல் தரம், போன கிறிஸ்துமஸுக்கு முன்னால். பத்தொன்பது நாள் சுத்தமாக இருந்தார். சபையில் அவருக்காக ஆள் மாற்றி ஆள் சங்கிலி ஜெபம் நடந்திருந்தது. ஆராதனை முடிவில் எழுந்து நின்று, "பத்தொம்போது நாளு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று சாட்சி சொன்னார். பெண்கள் பக்கம் அழுகை, ஆண்கள் பக்கம் அல்லேலூயா. இருபதாம் நாள் இரவு கேரல் பாடப் போன லாரியில் அவரைப் பின்பக்கத்தில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் தரம், பிப்ரவரியில், தடாவில் மைத்துனர் அனிலின் கல்யாணம். நாற்பத்தோராவது நாள். யாரோ கேட்டார்கள், இவரும் பெருமையாகச் சொன்னார், சொன்ன வாய் காய்வதற்குள் நிறைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து, எண்ணிக்கையை உரக்கச் சொன்னால் அதை எங்கிருந்தோ ஒன்று கேட்டுக்கொண்டிருக்கிறது என்று நம்புகிறார்.

மூன்றாம் தரம் அவர் மனைவி தபீதாள் யாரையும் ஜெபிக்கச் சொல்லவில்லை. ஈஸ்டருக்கு மறுநாள் அவரைப் பஸ்ஸில் ஏற்றித் திருப்பதிக்குக் கூட்டிப்போனாள். வேலூரில் படித்த டாக்டரம்மா ஒருவர் அரைமணி நேரம் கேட்டார், ஐந்து நிமிஷம் பேசினார்.

"தூக்கம் மெதுவாத்தான் வரும். மாசக் கணக்காகும். அதுக்கு மாத்திரை ரெண்டு வாரத்துக்கு மேல தரமாட்டேன். இது வேற மாத்திரை. தினம் காலையில ஒண்ணு. இதப் போட்டுக்கிட்டு ஒரு வாய் குடிச்சாலும் முகம் சிவக்கும், நெஞ்சு அடிச்சுக்கும், வாந்தி வரும், பிரஷர் இறங்கும். உயிருக்கே ஆபத்தாகலாம். சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க."

"எத்தினி வாய்ங்க மேடம்?"

"ஒரு வாய் கூட வேணாம். சில இருமல் மருந்துலயே இருக்கு. நிறுத்தினாலும் ரெண்டு வாரம் வரைக்கும் உடம்புல இருக்கும்."

கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தில் 'ஜ்' காணோம்.

தினமும் ஆறு மணிக்குத் தபீதாள் மாத்திரையோடு வந்து நிற்பாள். விழுங்கியதும், "வாய தொற" என்பாள். அங்கன்வாடியில் முப்பது பிள்ளைகளுக்குச் சத்துமாவு ஊட்டுகிறவள். வாயைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிப்பவள். எண்ணிக்கையைப் போலவே மாத்திரை விஷயமும் வெளியே தெரியக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். மகளுக்கும்கூடத் தெரியாது.

டாக்டரம்மா சொன்னது மிரட்டல் இல்லை என்று மே மாதமே தெரிந்துவிட்டது. சளிக்கு, ஃபேக்டரி முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு மூடி இருமல் மருந்து எடுத்துக் குடித்தார். கால்மணி நேரத்தில் கழுத்திலிருந்து நெற்றி வரை மிளகாய்ப் பழம். இருதயம் வாய்க்குள் வந்து துடித்தது. சூப்பர்வைசர் ஹரிபாபு ஓடிவந்து பார்த்து, "ஏமய்யா, மள்ளீ தாகாவா? மறுபடி ஊத்திக்கினியா?" என்று கத்தினார். தரையில் குந்தி வாளியைப் பிடித்துக்கொண்டிருந்த சுந்தர்ராஜுக்கு, இல்லை என்று சொல்லவும் மூச்சில்லை. அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்த முகர்வது.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஜூலை முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அவர் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. எல்லோரும் பந்தி பந்தியாகப் போய் பீடத்துக்கு முன்னால் முழங்காலிட, அப்பமும் திராட்சரசமும் தருவார்கள். முழங்காலிடப் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனைச் சபை பார்க்கும். என்ன பாவமோ என்று நினைக்கும். சுந்தர்ராஜாக இருந்தால் நினைக்கவே வேண்டாம், தெரியும். மேயிலும் ஜூனிலும் ஷிஃப்டு என்று சொல்லித் தப்பினார். ஜூலையில் முடியாது. பிளெஸ்ஸி, சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் பெற்று, முதல் தடவையாகத் திருவிருந்து எடுக்கிற நாள். பிள்ளைக்கு ஒரு பக்கம் தாயும் மறுபக்கம் தகப்பனும் முழங்காலிடுவது அங்கே வழக்கம். வெள்ளைப் புடவையை எடுத்து வைத்துக்கொண்டே பிளெஸ்ஸி கேட்டாள்:

"நைனா, அன்னிக்கி ஷிஃப்டு கீதுன்னு சொல்லமாட்டியே?"

"மாட்டேம்மா."

"கேரல் அன்னிக்கும் மாட்டேன்னுதான் சொன்ன."

அவர் அட்டை போட்ட புத்தகத்தின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டிருந்தார்.

திராட்சரசம் என்றதும் கடையில் விற்கும் பழச்சாறு என்று நினைக்கவேண்டாம். அது ரத்னம்மா டீச்சர் போடுவது. மிஷன் பள்ளியில் ஓய்வு பெற்றவர். மாதர் சங்கச் செயலாளர். உலர்ந்த திராட்சை, சர்க்கரை, கிராம்பு, ஒரு பிடி கோதுமை, பீங்கான் ஜாடி, நாற்பது நாள். ஒருமுறை அந்த ஜாடியைக் கழுவிக் கொட்டிய தண்ணீரைக் குடித்த காக்கை சாயங்காலம் வரை மல்லாந்தபடியே பறந்தது என்கிறார்கள். பறந்ததைப் பார்த்த மூன்று பேர் இன்றைக்கும் சபையில் இருக்கிறார்கள், மூவரும் நம்பத்தகுந்தவர்கள்.

குடித்தால், பிள்ளையின் பக்கத்தில், பீடத்துக்கு முன்னால், சபை முழுக்கப் பார்க்க, முகம் சிவந்து வாந்தி எடுத்து விழவேண்டும். குடிக்காவிட்டால், சுந்தர்ராஜ் மறுபடி ஆரம்பித்துவிட்டான் என்று பிளெஸ்ஸியின் காதுபடப் பேசுவார்கள். இரவெல்லாம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நடந்தார். நாய்களே அலுத்துப்போய் வீட்டுக்குத் திரும்பின. அந்த ஞாயிறுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது ஒரு விடியலில் அவருக்கு ஒரு வழி தெரிந்தது. ரெண்டு வாரம் என்று டாக்டரம்மாவே சொன்னாரே!

மறுநாளிலிருந்து மாத்திரையை மேல் கடைவாய்ப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒதுக்கிவைத்துவிட்டுத் தண்ணீரை மட்டும் விழுங்கினார். "வாய தொற" என்றாள் தபீதாள். திறந்தார். நாக்கைத் தூக்கிக் காட்டினார். முப்பது பிள்ளைகளிடம் ஏமாறாதவள் இந்த ஒரு பிள்ளையிடம் ஏமாந்தாள். மாத்திரை வாசலில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டிக்குள் போயிற்று. அந்தச் செடி அன்றிலிருந்து ஒரு சொட்டுக் குடிக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

ஏழெட்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு, தொண்டைக்குள் பழைய ஆள் ஒருவன் கண்விழித்துக் கொட்டாவி விடுகிற மாதிரி இருந்தது. அதுவரை சுந்தர்ராஜ் மாத்திரைக்குத்தான் பயந்துகொண்டிருந்தார். அந்தப் பயம் போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. இப்போது அவர் எதற்கும் பயப்படத் தேவையில்லை. யாரும் தடுக்கவில்லை. சாராயக் கடையைத் தாண்டிப் போகையில் கால் தானாக மெதுவாகிறது. ஒரு நாள் ரங்கையாவின் டீயை முகராமலேயே குடித்துவிட்டு, அதைப் பாதி வழியில் உணர்ந்து, ரோட்டோரத்தில் வேர்த்துப்போய் நின்றார்.

இரவு ஷிஃப்டு வாரம் வந்தது. திருவிருந்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை. ஃபேக்டரிக்குப் பின்னால் மாங்கொட்டையும் தோலும் மலையாகக் குவிந்திருக்கும். பத்து நாள் வெயிலில் அது உள்ளுக்குள்ளே கொதித்து, நுரைத்து, ஓரத்துக் கால்வாயில் சாறாக வடியும். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் பாய்லர் அறை முழுக்கக் கள்ளுக்கடை. பாய்லருக்கு விறகும் வேர்க்கடலைத் தோலும் தள்ளுகிற வெங்கட், முப்பது வயசுக்காரன், அந்தச் சாற்றைத் துணியில் வடிகட்டி, வெல்லம் போட்டு, பிளாஸ்டிக் கேனில் மூன்று நாள் மூடி வைத்திருந்தான். ஒரு மணிக்குக் கேனைத் திறந்தான்.

"அண்ணா, ஒரு கிளாஸ் தரட்டுமா?"

"நான்தான் உட்டுட்டேனேடா."

"இது சரக்கு இல்லண்ணா. பழரசம். கொழந்தைங்களே குடிக்கலாம். வேணும்னா மோந்து பாரு."

மோந்து பார்த்தார். பழக்கம். மே மாதத்திலிருந்து எதை முகர்ந்தாலும் அந்த மூக்கு 'தள்ளு' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அன்றைக்கு 'வா' என்றது. அன்பாகச் சொன்னது. நாளைக்கு மறுநாள் எப்படியும் கிண்ணத்தில் குடிக்கத்தானே போகிறாய், ஒத்திகை பார்த்துக்கொள் என்றது. டம்ளர் உதட்டுக்கு ஒரு விரல்கடை தூரம் வந்துவிட்டது. சுந்தர்ராஜுக்குத் தன் கையைத் தன்னால் நிறுத்த முடியவில்லை என்பது தெரிந்தது. யாரோ வேறொருவருடைய கையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அப்படிப் பார்த்ததில் டம்ளருக்கு அப்பால் கண்ணாடிக் குழாய் கண்ணில் பட்டது.

தண்ணீர் அடிக்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

டம்ளர் எங்கே விழுந்தது என்று தெரியாது. பம்ப்பைத் தட்டினார். "தீய இழுடா! இழுடா வெங்கட்டு!" என்று அவர் போட்ட சத்தத்தில் கூழ் அறைப் பெண்கள் எல்லாம் வேலையை நிறுத்தினார்கள். தண்ணீர் ஒரு நூல், இன்னொரு நூல் என்று ஏறியது. பாதிக் குழாய்க்கு வரும்வரை அவர் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்புறம் விறகுக் கட்டைமேல் உட்கார்ந்தார்.

"எத்தினி நிமிசம்டா நா பாக்கல?"

வெங்கட்டின் உதடு வெளுத்திருந்தது. "தெரிலண்ணா. நானும் பாக்கல."

விடியும் வரை கேனை யாரும் தொடவில்லை. காலையில் வெங்கட்டே அதைக் குவியலில் கொண்டுபோய்க் கவிழ்த்தான்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது தபீதாள் மாத்திரையோடு நின்றாள். சுந்தர்ராஜ் அதை வாங்கவில்லை. தொட்டியருகே குந்தி, குரோட்டன்ஸ் செடியின் அடி மண்ணைக் கிளறினார். பாதி கரைந்த வெள்ளைத் துண்டுகள் ஐந்தாறு வந்தன. உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

தபீதாள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "குடிச்சியா?"

"இல்ல. நேத்து ராத்திரி கிட்டக்க போய்ட்டேன்."

"இது இன்னாத்துக்கு?"

"நாளிக்கி பிளெஸ்ஸி பக்கத்துல முட்டி போடணும்ல. ரத்னம்மா டீச்சரு ஒயினு. மாத்தர உள்ள கீதுன்னா..."

"அதுக்குன்னு? அதுக்குன்னு பொண்ணு நைனா இல்லாம போனா பரவாயில்லயா? பைத்தியக்கார மனுசா!"

அவள் அடித்திருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அடிக்கவில்லை. உள்ளே போய்ச் சப்பாத்திக் கட்டையால் மாத்திரையைப் பொடித்து, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, கரண்டியால் கலக்கிக்கொண்டே வந்தாள். இனிமேல் கன்னத்தில் ஒதுக்கமுடியாது.

"பயமா கீது தபீதா."

"பதினேழு வருசமா நா பயந்துக்கினு கீறேன். மூணு மாசம் நீ பயந்தா இன்னா கொறஞ்சி பூடும்? குடி."

குடித்தார். டம்ளரைக் கழுவி ஊற்றிய தண்ணீரையும் அவள் குடிக்க வைத்தாள். பிறகு, "போயி ஐயர்கிட்ட சொல்லிட்டு வா" என்றாள். சபை குருவை அங்கே ஐயர் என்றுதான் சொல்வது.

சாயங்காலம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். என்ன சொல்வது என்று தெருமுனை வரை ஒத்திகை பார்த்தார். ஐயர் வீட்டில் ஐயர் இல்லை. சந்திரகிரியில் ஓர் அடக்க ஆராதனைக்குப் போயிருந்தார், வர இரவாகுமாம். கூடத்தில் மாதர் சங்கம் இருந்தது. நடுவில் ரத்னம்மா டீச்சர் கால் நீட்டி உட்கார்ந்து, ஜாடியிலிருந்து மல்துணியில் ஒயினை வடிகட்டிக்கொண்டிருந்தார். ஏழெட்டுத் தலைகள் ஒரே சமயத்தில் இவர் பக்கம் திரும்பின.

"வாப்பா சுந்தரு. இன்னா விசயம்?"

"ஐயர பாக்கலாம்னு..."

"பொண்ணுக்கு நாளிக்கி மொத பந்தியில்ல? வந்துடுவல்ல? இல்ல ஷிஃப்டா?" டீச்சரின் குரலில் 'ஷிஃப்டு' என்ற சொல் சற்று நீண்டது. இரண்டு பெண்கள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்கள். "இந்த வருசம் கொஞ்சம் கட்டியா வந்துக்கீது. கிராம்பு பத்துச்சான்னு வாசன பாரு, உனுக்குத் தெரியாத வாசனயா?"

கரண்டியை நீட்டினார். சுந்தர்ராஜ் இரண்டடி பின்னால் போய், வாசலில் கழற்றியிருந்த செருப்புக்குவியலில் கால் இடறி, சமாளித்து நின்றார். சிரிப்பு எழுந்தது. அவர் பார்த்த ஒத்திகையில் இது இல்லை. "வந்துடறேங்க டீச்சர், கண்டிப்பா வந்துடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார். காலில் ஒரு செருப்பு அவருடையது இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

அன்றிரவு ஷிஃப்டுக்கு லீவு. மின்விசிறியின் டக்கை அவர் எண்ணவில்லை. மார்புக்குள் நாற்காலி போட்டு உட்காருகிறவர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மூன்று மணிக்குப் பிளெஸ்ஸி எழுந்து வந்து, விளக்கடியில் தன்னுடைய வெள்ளைப் புடவைக்கு நைனா மூன்றாம் தரம் இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிறு. சபை நிரம்பியிருந்தது. முதல் பந்தியிலேயே அவர்களை அழைத்தார்கள். தபீதாள், நடுவில் பிளெஸ்ஸி, இந்தப் பக்கம் சுந்தர்ராஜ். அவர் எழுந்து நடந்தபோது பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு ஓடியதை முதுகால் கேட்டார். முழங்காலிட்டார். அப்பத் துண்டு வந்தது. உள்ளங்கையில் வாங்கி வாயில் போட்டார்.

கிண்ணம் வந்தது. அந்தச் சபையில் ஐயர் ஊட்டுவதில்லை. கிண்ணத்தைக் கையில் கொடுப்பார், அருந்திவிட்டுத் திருப்பித் தரவேண்டும். தபீதாள் அருந்தினாள். பிளெஸ்ஸி இரண்டு கையாலும் வாங்கி அருந்தி, முதல் கசப்பில் கண்ணைச் சுருக்கினாள். அதற்குப் பிறகு அவள் எதிரே பார்க்கவில்லை. தலையைத் திருப்பி நைனாவைப் பார்த்தாள்.

வெள்ளிக் கிண்ணம் அவர் கைக்கு வந்தது. கிராம்பு வாசனை. திராட்சை வாசனை. அதற்கடியில், அவருக்கு மட்டுமே தெரிந்த அந்த இன்னொன்று. இருதயம் குடிக்காமலேயே அடித்துக்கொண்டது. ரசம் விளிம்பு வரை அலையடித்துத் திரும்பியது. முதல் பெஞ்சில் ரத்னம்மா டீச்சர் கழுத்தை நீட்டியது தெரிந்தது. ஐயர் குனிந்தபடி காத்திருந்தார். சுந்தர்ராஜ் வாயைத் திறக்கவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். கிண்ணத்தை மூக்குக்கும் மேலே உயர்த்தினார். அந்த ஊரில் திருப்பதி மலைப் பிரசாதம் கைக்கு வந்தால் சனங்கள் செய்கிற மாதிரி, வலது கண்ணில் ஒரு தரம், இடது கண்ணில் ஒரு தரம், அழுத்தி ஒற்றிக்கொண்டு, ஒரு சொட்டும் குறையாமல் இரண்டு கையாலும் ஐயரிடம் திருப்பிக் கொடுத்தார்.